குதிரையை மறந்த வரைபடம்

குதிரை டிராம் வரப்போகிறது என்றதும் எங்கள் நகரத் திட்ட அலுவலகத்தில் பெரிய இன்ஜினியருக்குத் தலைகால் புரியவில்லை. டிராம் பெட்டி முதலில் வந்து இறங்கிவிட்டது. குதிரைகள் வர இன்னும் மூன்று மாதம். மனிதருக்குப் பொறுமை ஏது? பெட்டியை மட்டும் அளந்து, தெரு முனைகளில் அது எப்படித் திரும்பும் என்று கணக்குப் போட்டார். நான் படம் வரைந்தேன். முன்னால் நிற்கப்போகும் இரண்டு குதிரைகளை அவர் அளக்கவே இல்லை.

குதிரைகளையும் சேர்த்தால் வண்டி திரும்ப இடம் போதாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். சொன்னால் சந்தை முனையை அகலப்படுத்த வேண்டும். அங்கே இருக்கும் வீட்டை இடிக்க வேண்டும். அது என் மாமியார் வீடு. அவருக்கு ஒரே மகள், என் மனைவி. கல்யாணமான புதிதில் ஒரு வாரம் வந்து தங்கியவர், என் குறட்டை வரைக்கும் குறை சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு முறை என்றால் எனக்குத் தாங்காது. கமுக்கமாக இருந்துவிட்டேன்.

வெள்ளோட்டத்தன்று குதிரைகள் சந்தை முனையில் திரும்பின. திரும்பின என்றா சொன்னேன்? இரண்டின் தலைகளும் மாமியார் வீட்டு ஜன்னலுக்குள் போய்விட்டன. உள்ளே அவர் கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எவன்டா இந்தத் தெருவை வரைஞ்சவன்?"

இன்ஜினியர் கொஞ்சமும் கூச்சப்படாமல் என்னைக் கைகாட்டினார். மாமியார் குரல் சட்டென்று குழைந்தது.

"குதிரைய எங்க விட்டீங்க, மாப்பிள்ளை?"

"அவர் சொன்னதைத்தான் வரைஞ்சேன், அத்தை."

"நல்லா வரைஞ்சீங்க, போங்க. கேரட்டெல்லாம் காலி!"

இன்ஜினியர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, இந்த வீட்டை நாங்களே வாங்கி இடிச்சிடறோம். உங்களுக்குப் போக இடம் இருக்கா?"

இல்லை என்று சொல்லுங்கள் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

"ஏன் இல்ல? எங்க மாப்பிள்ளை தங்கமானவராச்சே! எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவாரா?"

எனக்கு அழுகைதான் வந்தது.

வீட்டைக் காலி செய்த அன்று, செய்த தப்புக்குப் பரிகாரமாக இன்ஜினியர் டிராமையே அனுப்பிவைத்தார். கட்டில், மூன்று டிரங்குப் பெட்டி, நடுவில் மாமியார். வண்டி நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றது. அலுவலகம் போக வசதியாக இருக்கட்டும் என்று, யாருக்கும் தெரியாமல் அங்கே ஒரு நிறுத்தத்தை நானே வரைந்து வைத்திருந்தேன்.