நின்றவர்களும் கடந்தவர்களும்

பார்தோல் விழுவதில் கெட்டிக்காரன். ஒசியெக் நகர நாடகக் கொட்டகையில் மூன்று ராஜாக்களுக்குக் காவலனாக நின்று, மூன்று நாடகத்திலும் முதல் காட்சியிலேயே செத்தவன். கத்திக்குத்து, விஷம், மாடிப்படி என்று எதில் சாகச் சொன்னாலும் சாவான். ஆனால் வசனம் என்று வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கொட்டகையில் ஆள்குறைப்பு வந்தபோது முதலில் போனது அவன் வேலைதான்.

அந்தச் சமயத்தில்தான் யகோதா அவனைக் கூப்பிட்டு அனுப்பினாள். பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியை. நாற்பத்தைந்து வயது இருக்கும். பேசும்போது எதிராளி முடிக்கும்வரை காத்திருப்பாள். முடித்த பிறகும் கொஞ்சம் காத்திருப்பாள். அவனை உட்காரவைத்து அவள் கேட்ட முதல் கேள்வி நடிப்பைப் பற்றியது அல்ல.

"உங்க வீட்டுல யாராவது நெஞ்சுவலியில போயிருக்காங்களா?"

"இல்லீங்க மேடம். எங்க வம்சத்துல எல்லாரும் குடிச்சே போனவங்க."

"தரையில விழுந்து கிடக்கிறப்போ நூறு பேர் உன்னைத் தாண்டிப் போவாங்க. அது மனசைக் குடையும். எந்த நாளும் வேண்டாம்னு சொல்லலாம். பேசின சம்பளம் முழுசா வரும்."

விழ வந்தவனிடம் விழாமலே சம்பளம் வாங்கலாம் என்று சொல்கிற முதலாளியை பார்தோல் அதுவரை பார்த்ததில்லை. சரியான கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு ஒப்புக்கொண்டான்.

ஆராய்ச்சி இதுதான். டிராம் நிறுத்தத்திலிருந்து பஸ் நிலையத்துக்குப் போகும் சுரங்கப்பாதை. அதன் படிக்கட்டு அடியில் பார்தோல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவான். சில நாள் அங்கே வேறு யாரும் இருக்கமாட்டார்கள். சில நாள் நேவா என்கிற மாணவி நாலடி தள்ளிச் சுவரில் சாய்ந்து, செல்போனைப் பார்த்தபடி, அவனைக் கண்டுகொள்ளாமல் நிற்பாள். சும்மா நிற்கிற ஓர் ஆள் இருந்தால் வருகிறவர்களும் நிற்காமல் போகிறார்களா? இதைத்தான் யகோதா தெரிந்துகொள்ள விரும்பினாள்.

நேவா நிற்க வேண்டுமா வேண்டாமா என்பதைத் தினமும் காலையில் நாணயத்தைச் சுண்டித்தான் யகோதா முடிவு செய்வாள். ஒருநாள் நேவாவுக்கு ஜலதோஷம். "இன்னிக்கு மட்டும் நான் வேண்டாம்னு நீங்களே வெச்சுக்கங்களேன் மேடம்" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"உடம்பு சரியில்லைன்னா வீட்டுக்குப் போ. இன்னிக்கு வேலையே வேண்டாம். ஆனா நாணயத்தைத் தள்ளி வெச்சுட்டு நான் முடிவு பண்ணமாட்டேன். என் இஷ்டம் உள்ளே நுழைஞ்சா அப்புறம் இது ஆராய்ச்சி இல்லை, என் அபிப்பிராயம்."

நின்றவர்களை எண்ணும் வேலையையும் அவள் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. எதிரே இருந்த காபிக்கடை ஜன்னலோரம் வேறு துறை மாணவி ஒருத்தியை உட்காரவைத்திருந்தாள். ஆராய்ச்சி எதற்கு என்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. "எண்ணுறவங்களுக்கு ஒரு ஆசை இருந்தா, எண்ணிக்கையும் அந்தப் பக்கம் சாயும்" என்பாள் யகோதா.

நின்று உதவியவர்கள் ஒவ்வொருவரிடமும் அவளே இறங்கிவந்து உண்மையைச் சொல்வாள். மன்னிப்புக் கேட்பாள். வேண்டாம் என்றால் அவர்களைப் பற்றிய குறிப்பை அழித்துவிடுவதாகச் சொல்வாள். பெரும்பாலானவர்கள் சிரித்தார்கள். ஒரு கசாப்புக்கடைக்காரர் மட்டும் பார்தோலை முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்து, "நல்லாச் சாகுறடா, பாவி" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நவம்பர் மாதம், மழை பிசுபிசுத்த ஒரு காலையில் எதெல்கா வந்தாள்.

ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. திராவா ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாரான்யாவில் மருந்துக்கடை வைத்திருப்பவள். ஊருக்குத் திரும்பப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்தாள். அன்று நாணயம் நேவாவை நிற்கச் சொல்லியிருந்தது. எதெல்கா நேவாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பைகளைக் கீழே போட்டாள், ஈரத்தில் அப்படியே மண்டியிட்டாள், பார்தோலின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேசாத தம்பி. கண்ணைத் திறக்காத. நான் இருக்கேன், எங்கேயும் போகமாட்டேன்."

அவள் விரல்கள் அவன் மணிக்கட்டில் நாடியைத் தேடின.

"இதே படியிலதான் எங்க வீட்டுக்காரர் விழுந்தார். ரெண்டு வருஷம் ஆச்சு. ஜனங்க ஒதுங்கி ஒதுங்கிப் போனாங்களாம். கடைசியில கூட்டிப் பெருக்குறவன் வந்துதான் பார்த்தானாம். நீ பயப்படாத, நான் பாரான்யாவுல மருந்துக்கடை வெச்சிருக்கேன். இந்த மாத்திரையை மெல்லு."

மருந்து ஏதாவது வாய்க்கு வந்தால் உடனே எழுந்துவிட வேண்டும் என்பது யகோதாவின் கண்டிப்பான விதி. பார்தோல் கண்ணைத் திறந்தான். படியில் யகோதா இறங்கி வருவது தெரிந்தது. அவன் அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினான். வேண்டாம். சொல்லாதீர்கள். இந்த அம்மாளை இப்படியே அனுப்பிவிடுங்கள்.

யகோதா அதைப் பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். பிறகு வந்து, ஈரப்படியில் எதெல்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

எதெல்கா முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அப்ப இவனுக்கு நெஞ்சுல ஒண்ணும் இல்லையா?"

"இல்லம்மா. நல்லா இருக்கான்."

அவள் மூச்சை விட்டாள். மாத்திரையைத் திரும்ப அட்டையோடு சேர்த்துப் பைக்குள் வைத்தாள். அதற்குப் பிறகுதான் முகம் மாறியது.

"அவரைத் தூக்காம போனாங்களே, அதுக்கு நான் இன்னிக்குப் பதில் சொல்லிட்டேன்னு நினைச்சேன்" என்றாள். "அதையும் எடுத்துக்கிட்டியே."

எதெல்கா எழுந்து பைகளை எடுத்துக்கொண்டாள்.

"என்னைப் பத்தி ஒரு எழுத்து இருக்கக்கூடாது."

யகோதா காபிக்கடையிலிருந்த மாணவியைக் கூப்பிட்டு, அன்றைய தாளை வாங்கி, எதெல்காவின் கண்முன்னே கிழித்தாள். தன் தொலைபேசி எண் இருந்த சீட்டை மட்டும் கொடுத்தாள். பஸ் போய்விட்டிருந்தது. காரில் கொண்டுவிடுவதாகச் சொன்னதற்கு எதெல்கா தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். அடுத்த பஸ் வரும்வரை நடைமேடையின் ஒரு கோடியில் அவள் நின்றாள்; மறு கோடியில், கிட்டே போகாமல், குடையும் இல்லாமல் யகோதா நின்றாள். பஸ் புறப்பட்ட பிறகுதான் நகர்ந்தாள்.

பார்தோலுக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"சொல்லாம விட்டிருக்கலாம் மேடம். ஒரு உயிரைக் காப்பாத்தினோம்னு அந்தம்மா ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருக்கும். என்ன குறைஞ்சிருக்கும் உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் குறைஞ்சிருக்காது" என்றாள் யகோதா. முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஆனா தன் வாழ்க்கையில என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்கிற உரிமை அவங்களோடது. எது தெரிஞ்சா போதும்னு நான் முடிவு பண்ண முடியாது."

"அப்ப அவங்க மனசு நொந்தது சரியா?"

"அது சரியில்லை. அது என் தப்பு. சொன்னது தப்பில்லை பார்தோல். படுக்க வெச்சது தப்பு."

அன்றோடு ஆராய்ச்சியை நிறுத்தினாள். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. இன்னும் இரண்டு வாரம் விழுந்திருந்தால் கணக்கு நிறைந்திருக்கும். நடந்ததை ஒன்று விடாமல் எழுதி நெறிமுறைக் குழுவிடம் அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். குழு கூடிப் பேசி, இத்தனை பேரில் ஒருவருக்குத்தானே வருத்தம், இனி எச்சரிக்கையாகத் தொடரலாம் என்றது. டீன் அவளைக் கூப்பிட்டு, "குழுவே சரின்னு சொல்லியாச்சு. உனக்கு மட்டும் என்ன பிடிவாதம்?" என்றார்.

"செய்யலாம்னு குழு சொல்லுது சார். அந்தப் படியில இன்னொரு விதவை வரமாட்டாங்கன்னு குழுவால சொல்ல முடியுமா?"

வசந்தத்தில் லிஸ்பன் மாநாட்டில் அவள் பேசுவதாக இருந்தது. அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று. துறையில் பின்னால் சிரித்தார்கள். பார்தோலுக்கு மிச்சச் சம்பளம் முழுதும் வந்தது. அதை வாங்கிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. ஏதாவது வேலை செய்கிறேன் என்று அவனே வந்து அலுவலகத்தில் அலமாரி அடுக்கிக்கொடுத்தான்.

"பாரான்யாவுல மருந்துக்கடை எத்தனை இருந்துடும்? நான் ஒருநாள்ல கண்டுபிடிச்சிடுவேன். போய் நேர்ல மன்னிப்புக் கேட்டுட்டு வந்துடலாம்" என்றான் ஒருநாள்.

"எழுத்துகூட இருக்கக்கூடாதுன்னு சொன்னவங்க வாசல்ல போய் நிக்கிறதா? நம்பர் அவங்ககிட்ட இருக்கு. வேணும்னா அவங்க கூப்பிடட்டும்."

குளிர்காலம் போயிற்று. ஆற்றங்கரை மரங்கள் துளிர்க்கிற சமயத்தில் தொலைபேசி வந்தது.

"ஞாயித்துக்கிழமை சாப்பிட வா" என்றது எதெல்காவின் குரல். "அந்தச் செத்துப்போற பையனையும் கூட்டிக்கிட்டு வா."

முற்றத்தில் கொப்பரையில் மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. பாரான்யாக்காரர்கள் மிளகாய்த்தூளில் கஞ்சத்தனம் காட்டமாட்டார்கள். சிவக்கச் சிவக்க இருந்தது. முதல் கரண்டியிலேயே பார்தோலுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"இது நடிப்பா, நெஜமா?" என்றாள் எதெல்கா.

"நெஜம்மா. சத்தியமா நெஜம்."

"எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே அவனுக்கு ரொட்டியைத் தள்ளிவைத்தாள். பிறகு யகோதா பக்கம் திரும்பினாள். "கேக்கணும்னுதான் கூப்பிட்டேன். அந்தப் பொண்ணு சும்மா நின்னாளே, அப்ப ஜனங்க நின்னாங்களா, போனாங்களா?"

"பாதியில நிறுத்தின கணக்கும்மா. இதை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது. பார்த்தவரைக்கும், அவ நின்ன நாள்ல நிறையப் பேர் போனாங்க. அவ இல்லாத நாள்ல நிறையப் பேர் நின்னாங்க."

"அது ஏன்?"

"சும்மா நிக்கிறவளைப் பார்த்து, பெரிசா ஒண்ணும் இல்லை போலிருக்குன்னு நினைச்சுக்கிறாங்கன்னு நான் நினைக்கிறேன். அந்தச் சந்தேகத்துலதான் இந்த ஆராய்ச்சியையே ஆரம்பிச்சேன். மனசு கல்லாப் போனவங்கதான் போறாங்கன்னு எனக்குத் தோணலை."

எதெல்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப எங்க வீட்டுக்காரரைத் தாண்டிப் போனவங்களும் அப்படித்தானா? கல்நெஞ்சுக்காரங்க இல்லையா?"

ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று பார்தோல் மனசுக்குள் கெஞ்சினான். ஒரு வார்த்தைதானே.

"அது எனக்குத் தெரியாதும்மா" என்றாள் யகோதா. "நான் அங்கே இல்லை. அப்படி இருந்திருக்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

எதெல்கா எழுந்து கொப்பரையைக் கிளறிவிட்டு வந்தாள்.

"அன்னிக்குப் பொய்யா ஒருத்தனைப் படுக்க வெச்ச" என்றாள் எதெல்கா மெதுவாக. "இன்னிக்கு ஆறுதலுக்குக்கூட ஒரு பொய் வரமாட்டேங்குது. நீ என்ன பொம்பளை?" ஆனால் குரலில் கோபம் இல்லை. "இருந்திருக்கலாம்னு சொன்ன பாரு, அதை நான் நம்புறேன். ஆமாம்னு சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டேன். சரி, என்னையும் உன் கணக்குல சேர்த்துக்க."

"கிழிச்சாச்சும்மா."

"திரும்ப எழுது."

"ஞாபகத்துல இருந்து எழுதினா அது கணக்கு ஆகாது. அதுவும் உங்க மீன் குழம்பைச் சாப்பிட்டுட்டு எழுதினா, லஞ்சம் வாங்கின கணக்கு."

எதெல்கா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டியை வெட்டிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "இனிமே யாரையும் கீழே படுக்க வெக்காத. போனவங்களையே கூப்பிட்டுக் கேளேன். என்ன நினைச்சுக்கிட்டுப் போனீங்கன்னு."

"நான் தாண்டிப் போனேன்னு சொல்லிக்க யாரும்மா வருவாங்க?" என்றான் பார்தோல்.

"வருவாங்க தம்பி. எங்க கடைக்குத் தூக்க மாத்திரைக்கு வர்றவங்களை நான் பார்க்கிறேனே."

யகோதா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கோடையில் நகரத்து டிராம்களில் ஒரு விளம்பரம் ஒட்டப்பட்டது. விழுந்து கிடந்த ஒருவரை எப்போதாவது தாண்டிப் போயிருக்கிறீர்களா? எங்களிடம் பேச விரும்பினால் வாருங்கள், பெயர் கேட்கமாட்டோம் என்று எழுதியிருந்தது. முதலில் இரண்டு பேர் வந்தார்கள். பிறகு படிக்கட்டில் நாற்காலி போடவேண்டி வந்தது. ஞாபகம் ஏமாற்றும் என்றும், மனசு உறுத்துகிறவர்கள்தான் வருவார்கள், உறுத்தாதவர்கள் வரமாட்டார்கள் என்றும், இந்த வழியில் உள்ள ஓட்டைகளையெல்லாம் யகோதா தன் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதினாள். பெரிய பத்திரிகை எதுவும் அதை வாங்கவில்லை. சின்னப் பத்திரிகை ஒன்று போட்டது. பிறகு நகரத்து முதலுதவி வகுப்புகளில் அதை எடுத்துப் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது அவள் காது சிவந்ததை பார்தோல் பார்த்தான்.

இப்போது வாசல் கதவைத் திறந்து, வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பது அவன் வேலை. எந்த வசனமும் இல்லாத வேலை.

ஒருநாள் தொழிற்சாலை உடுப்போடு ஓர் ஆள் வந்தார். யகோதா எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னாள். "எப்ப வேணும்னாலும் எழுந்து போகலாம். காரணம் சொல்ல வேண்டாம். காபி உங்களோடதுதான்." அவர் தலையை ஆட்டினார். ஆரம்பித்தார். ஐஸ், ஒரு பாலம், கீழே கிடந்த ஒரு சைக்கிள் என்று மூன்று நான்கு வாக்கியம் சொன்னார். அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

யகோதாவும் எழுந்தாள். ஒலிப்பதிவை நிறுத்தி, பேசியதை அவர் பார்க்கவே அழித்தாள். அவரோடு படி இறங்கித் தெருவாசல்வரை போனாள். மேலே ஜன்னலிலிருந்து பார்தோல் பார்த்தான். அவள் ஏதோ சொல்லிக் கை கொடுத்தாள். அந்த ஆள் அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு டிராம் வரும் பக்கமாக நடந்து போனார்.

திரும்பிவந்து உட்கார்ந்தவள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. "அடுத்தவங்க இருக்காங்களா?" என்றாள்.

பார்தோல் போய்க் கதவைத் திறந்தான்.