ஏழு கேள்விக்கும் பூஜ்யம்

தாதி கேள்வி கேட்டது ராஜசேகரனிடம். பதில் சொன்னது அவர் மகன் குணாளன்.

நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே இல்லை என்று தெப்ராவில் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்குக்கு வந்திருந்தார் அந்த எழுபத்திரண்டு வயது மனிதர். இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் மனப் பதற்றமாக இருக்குமோ என்று அளந்து பார்க்க ஒரு தாள். ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண்.

"ரெண்டு வாரமா பதற்றமா இருக்கா?" என்று தாதி மலாயில் கேட்டாள்.

"தாக் அடா," என்றான் குணாளன், கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்காமல். இல்லையாம்!

"கவலைய அடக்க முடியலயா?"

"தாக் அடா."

ராஜசேகரன் முப்பது வருடம் ரெங்கத்தில் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். அவர் மலாயில் சண்டைக்கு நின்றால் எதிராளி வாயடைத்துப் போவான். அவருக்குப் போய் மொழிபெயர்க்க ஒரு துரை! அதையாவது செய்தானா? அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தானே அளந்துவிட்டுக்கொண்டிருந்தான். அவருக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏதாவது விபரீதம் நடந்துடும்னு பயம்?" இது ஏழாவது.

"தாக் அடா. வீட்டுல சும்மாதானே இருக்காரு."

தாதி கூட்டினாள். பூஜ்யம். நல்லது என்று சிரித்தாள்.

ராஜசேகரன் மேசையில் ஓங்கி அடித்தார். பேனா உருண்டு கீழே விழுந்தது. காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நெஞ்சு யாருக்கு அடிக்குது மிஸ்ஸி? எனக்கா, இவனுக்கா? என்னையக் கேளுங்க!" என்றார் மலாயிலேயே.

தாதியின் முகம் சிவந்தது. புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டே போனார். தினமும். தினமும். பாதி நாள். தினமும். கூட்டினால் பத்தொன்பது.

"என்னப்பா இது? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே?"

"மூணு தடவ சொன்னேன்டா. வயசானா அப்படித்தான்னு சொன்ன."

"டாக்டர் மாத்திரை எழுதுவாரு, பாக்சிக்," என்றாள் தாதி, மரியாதையாக மாமா முறை வைத்து.

"எதுக்குப் பயம்னு கேக்க மாட்டீங்களா? இந்தத் தாளுல அதுக்கு எடமில்லயா?"

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "சொல்லுங்க."

சொன்னார். மகனுக்கும் மருமகளுக்கும் சிங்கப்பூரில் வேலை. விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்கள். அவர் ஒரு நாள் பஸ் மாறி ஏறி, எங்கோ தள்ளியிருக்கும் செடெனாக்கில் இறங்கிவிட்டார். ஒரே ஒரு நாள். அன்றிலிருந்து ஒன்பதாவது மாடி வீட்டின் கிரில் கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிறார்கள். போன மாதம் பக்கத்து வீட்டில் தீப்பிடித்தது. எல்லோரும் படியிறங்கி ஓடினார்கள். அவர் மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் புகையில் நின்றார். அன்று இரவு குணாளன் சொன்னது இவ்வளவுதான்: "அதான் ஒண்ணும் ஆகலையேப்பா."

"எனக்கு மாத்திரை வேணாம் மிஸ்ஸி. சாவி வேணும்."

தாதி குணாளனைப் பார்த்தாள். அவன் அப்பாவிடம் தமிழில் குரலைத் தாழ்த்தினான்.

"எல்லாரும் பாக்குறாங்கப்பா. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் லா."

"வீட்டுக்குப் போனா நீ கதவுக்கு வெளிய நிப்ப, நான் உள்ள நிப்பேன். இங்கயே குடு."

கையை நீட்டினார். குணாளன் கொத்திலிருந்து சாவியைக் கழற்ற வெகுநேரம் ஆனது. அதுவரை அவர் கையை மடக்கவில்லை.