தங்கபாய் திருத்திய பதில்

சனிக்கிழமை வந்த இரண்டு மின்னஞ்சல்களை நான் திங்கட்கிழமை காலையில்தான் பார்த்தேன். பகல் பதினொன்றரைக்கு வந்தது முதலாவது. "யூரியா பதிலில் தப்பாக எழுதிவிட்டேன். கேள்வி கேட்டவருக்கு உடனே தகவல் சொல்லுங்கள். செல்போனில் திருத்த வழியில்லை." இரவு ஏழு மணிக்கு இரண்டாவது. "இனி அவசரம் இல்லை. நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். ஆனால் திருத்துகிற வசதியைச் சீக்கிரம் வையுங்கள்." இரண்டின் அடியிலும் தங்கபாய், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று இருந்தது.

அந்தப் பெயரை எனக்குத் தெரியும். ராஜபாளையத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து நான் நடத்துகிற 'வயல்கேள்வி' செயலியில் விவசாயிகள் கேள்வி கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். அதிகப் பதில் எழுதியவர் தங்கபாய். ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அவரை விவசாயக் கல்லூரிப் பேராசிரியர் என்றுதான் நினைத்திருந்தேன்.

இணையதளத்தில் பதிலைத் திருத்தலாம், கீழே குறிப்பு எழுதலாம். செல்போன் செயலியில் இரண்டையும் நான் வைக்கவில்லை. செல்போனில் வருகிறவர்கள் கேட்பார்கள், படிப்பார்கள். பதில் சொல்கிறவர்களிடம் கணினி இருக்கும் என்பது என் எண்ணம். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அன்று மதியமே பஸ் ஏறினேன்.

தங்கபாய்க்கு ஐம்பத்தோரு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு உரக்கடையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதியவைதான் அத்தனை பதில்களும். கணினி அவரிடம் இருந்ததே இல்லை.

நான் யாரென்று சொன்னதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க தம்பி. மெயில் படிச்சுட்டு நேர்லயே வந்துட்டியளா?"

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்கக்கா."

வெள்ளிக்கிழமை ஒருவர் கேட்டிருந்தார். வெண்டை இலை வெளுத்துப்போகிறது, யூரியாவைக் கரைத்துத் தெளிக்கலாமா, எவ்வளவு, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் தெளிக்க ஆள் வருகிறது என்று. பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம் என்று எழுத நினைத்த தங்கபாய், ஒரு சுழியத்தை விட்டுவிட்டார். ஒரு லிட்டருக்கு நூறு கிராம் என்று போய்விட்டது. கேட்டவரும் அதைச் சரியான பதில் என்று ஏற்றுக்கொண்டுவிட்டார். சனிக்கிழமை காலையில் கடைக்கு வந்த இன்னொருவர் அதே விவரம் கேட்க, தான் எழுதியதைக் காட்டலாம் என்று செல்போனை எடுத்தபோதுதான் கண்ணில் பட்டிருக்கிறது.

"பத்து மடங்கு தம்பி. செடி கருகிரும். திருத்தலாம்னு தேடுனேன், இல்ல. கீழ எழுதலாம்னா அதுவும் இல்ல. இன்னொரு பதிலா போட்டா, ஒரு கேள்விக்கு ஒரு பதில்தான்னு சொல்லுது."

அந்தக் கட்டுப்பாட்டையும் வைத்தவன் நான்தான்.

கடையைப் பக்கத்தில் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்ட் அருகே கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் இணையதளத்தில் பதிலைத் திருத்தியிருக்கிறார். எனக்கும் எழுதியிருக்கிறார். அத்தோடு நிறுத்தியிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது.

"திருத்துனது சரி, அவிய ஏற்கெனவே படிச்சுட்டாவளே. திரும்ப எதுக்கு எடுத்துப் பாக்கப் போறாவ?" என்றார்.

கேள்வியில் ஊர் கான்சாபுரம் என்று இருந்தது. பெயர் இல்லை. கேள்வியோடு இருந்த புகைப்படத்தில் வெளுத்த வெண்டைக்குப் பின்னால் ஊதாக் கதவு போட்ட ஒரு மோட்டார் ரூம். கடை முதலாளியிடம் அரை நாள் லீவு சொல்லி, வத்திராயிருப்பு போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கான்சாபுரத்தில் இறங்கி, கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் படத்தைக் காட்டியிருக்கிறார். மூன்றாவதாகக் கேட்ட டீக்கடைக்காரர், "மிலிட்டரிக்காரரு உக்கிரபாண்டி தோட்டம்லா" என்று வழி சொன்னாராம். வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடை.

போனபோது ஆள் முதுகில் தெளிப்பு டேங்கோடு மூன்றாவது வரிசையில் நின்றார்.

"அடிக்காதீய, நிப்பாட்டுங்கன்னு வரப்புல இருந்தே கையைக் காட்டுனேன். உக்கிரபாண்டி அண்ணாச்சி வந்து யாரும்மான்னாரு. பதில் எழுதுனவ நாந்தான், தப்பா எழுதிட்டேன்னு சொன்னேன். எம்புட்டு தப்புன்னு கேட்டாரு. பத்து மடங்குன்னேன். ஒடனே ஆளக் கூப்புட்டு டேங்க எறக்கச் சொல்லிட்டாரு."

"கோவிச்சுக்கிட்டாரா?"

"வஞ்சிருந்தாகூட நல்லாருந்திருக்கும். 'டேங்குக்கு ஒரு கிலோன்னதும் எனக்கே சந்தேகம் வந்துச்சு தாயி. ஒங்க பேருக்குப் பக்கத்துல ஆயிரத்துச் சொச்சம் பதில்னு போட்டுருந்துச்சா, நம்பிட்டேன்'னாரு."

பிறகு டேங்கைக் கழுவி, வெறும் தண்ணீரை நிரப்பி, அடித்த வரிசைகளில் இலை நனைய நனையத் தெளித்திருக்கிறார்கள். டேங்குக்கு நூறு கிராம் என்ற அளவில் கரைத்துக் கொடுத்துவிட்டு, மிச்ச வரிசைகளுக்கு அடித்து முடிக்கும்வரை தங்கபாய் அங்கேயே நின்றிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை உக்கிரபாண்டி போன் செய்தாராம். இரண்டு வரிசையில் இலை ஓரம் கருகியிருக்கிறது, மற்றது தப்பித்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். "சுழியத்த விட்டது நான்தான தம்பி," என்று முடித்துவிட்டார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மின்னஞ்சல் அனுப்பியதோடு மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். முகம் தெரியாத ஒருவர் தோட்டத்து வரப்பில் போய் நின்று, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க மாட்டேன்.

கிளம்பும்போது, திருத்தும் வசதியோடு பதில் திருத்தப்பட்டால் கேட்டவருக்குத் தகவல் போகும்படியும் செய்கிறேன் என்றேன்.

"இன்னொண்ணு தம்பி. திருத்துனா பழசு அழிஞ்சு போகக்கூடாது. முன்ன என்ன தப்பா இருந்துச்சுன்னும் கீழ தெரியணும். பழசப் படிச்சுட்டுப் போனவன் அப்பத்தான் தெரிஞ்சுக்குவான்."

"ஒங்க தப்பு எல்லாருக்கும் தெரியுமேக்கா."

"தெரியட்டுமே."

பதினெட்டு நாளில் புதிய பதிப்பை வெளியிட்டேன், அவர் சொன்னபடியே. முதல் வாரத்திலேயே நானூற்றுக்கும் மேற்பட்ட பதில்கள் திருத்தப்பட்டன. தளவாய்புரத்தில் ஒருவர் ஒன்றரை வருடத்துக்கு முன் எழுதிய விதை அளவை மாற்றியிருந்தார். ஒருவர் ரகத்தின் பெயரை, ஒருவர் வெறும் எழுத்துப் பிழையை. இத்தனை பேர் தங்கள் தவறைத் தெரிந்தும் சொல்ல வழியில்லாமல் இருந்திருக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன்.