ஒரு குழாய்க்கு நாலு வாய்

ஒரு ஏணிக்காக ஒன்பது வருஷம் பேசாமல் இருப்பார்களா என்று கேட்டால், இருந்தார்களே! தம்பி அந்த ஏணியைக் கேட்காமல் யாருக்கோ இரவல் கொடுத்தான். போனது போனதுதான், திரும்பி வரவில்லை. வார்த்தை தடித்தது. "இனிமே உன் குரலே என் காதுல விழக்கூடாது" என்று அண்ணன் கத்தினார். தம்பியும் ரோஷக்காரன், விழாமல் பார்த்துக்கொண்டான்.

வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியது. பின்பக்கத் தோட்டத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. யாருக்கு எந்த ரோஜா என்று யார் பஞ்சாயத்துப் பண்ணுவது? காலையில் தம்பி வேலை செய்வான், சாயங்காலம் அண்ணன். குளிர் தொடங்கும்போது தம்பி சருகைக் கூட்டி ரோஜா வேரில் குவித்து வைப்பான். "மூடத் தெரியுதா பார் மூதேவிக்கு" என்று முணுமுணுத்தபடி அண்ணன் அதையே கலைத்து மறுபடி குவிப்பார். பகலெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் ஊரான் பிள்ளைகளிடம் "கிளட்ச், கிளட்ச்" என்று தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன். கூடப்பிறந்தவனிடம் மட்டும் வாயில் பூட்டு.

ஒரே ஒரு வேலைக்குத்தான் ரெண்டு பேரும் வேண்டும். தோட்டத்துக் குழாய். உறைபனி விழுவதற்கு முன்னால், அதற்குத் தண்ணீர் போகிற வால்வைத் தம்பி வீட்டுச் சமையலறையில் மூட வேண்டும். மூடினதும் அண்ணன் தோட்டத்துக் குழாயைத் திறந்து உள்ளே நிற்கிற தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடிக்காவிட்டால் தண்ணீர் உறைந்து குழாய் வெடித்துவிடும். வருஷா வருஷம் அண்ணன் தன் மனைவியிடம் சொல்ல, அவள் ஓரகத்தியிடம் சொல்ல, அவள் புருஷனிடம் சொல்ல, "மூடியாச்சாம்" என்ற பதில் அதே வழியாகத் திரும்பி வரும். ஒரு குழாயை மூட நாலு வாய்!

இந்த வருஷம் அண்ணன் மனைவி மகளின் பிரசவத்துக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை அவளைக் கொண்டுபோய் விட்டவர் அங்கேயே தங்கி, திங்கள் மதியம் திரும்பினார். புதன் விடியற்காலை உறைபனி என்று ரேடியோவில் சொன்னார்கள்.

திங்கள் சாயங்காலம் குழாய்ப்பக்கம் நின்று செருமினார். தம்பி வீட்டு ஜன்னல் அசையவில்லை. செவ்வாய்க்கிழமை ஸ்பேனரால் குழாயை டங்கு டங்கென்று தட்டினார். அதற்கும் பதில் இல்லை. "திமிரைப் பார்! உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறான்." குழாயைத் திருகிப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். திருகவில்லை. அவன் மூடியிருக்கமாட்டான் என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம். தண்ணீர் காலில் பீய்ச்சியடிக்க, அவன் ஜன்னலில் நின்று சிரிக்க, அந்தக் கண்றாவி வேறு வேண்டுமா? "வெடிக்கட்டும். அப்பத்தான் புத்தி வரும்" என்று உள்ளே போய்விட்டார்.

வெடித்தது. புதன் காலை குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது, பிளவுக்குள் வெள்ளையாய் ஐஸ். அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், வெளியே சொல்லக் கூசும். லீவு சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயில் ஏறட்டும், ஐஸ் உருகட்டும், பாத்தியெல்லாம் மிதக்கட்டும், தம்பி அலறியடித்து ஓடி வரட்டும்.

பதினோரு மணிக்கு ஐஸ் இளகியது. ஒரு டம்ளர் தண்ணீர் சொட்டிச் சொட்டி வடிந்தது. அத்தோடு நின்றுவிட்டது.

குனிந்து பார்த்தார். அப்படியானால் வால்வு மூடித்தான் இருந்திருக்கிறது. தம்பி தன் வேலையை முடித்திருக்கிறான். திரும்பி ரோஜாப் பாத்தியைப் பார்த்தார். அவர் குவித்து வைத்த சருகு காற்றில் பறந்து தோட்டமெல்லாம் கிடந்தது. மூன்று நாளாகக் காலையில் யாரும் கூட்டவே இல்லை. இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

முன்பக்கம் ஓடினார். தம்பி மனைவி ஒரு பை நிறையத் துணியோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். தலைகூட வாரவில்லை.

"எங்கேம்மா அவன்?"

"ஆஸ்பத்திரியில. ஞாயித்துக்கிழமை விழுந்தவர்தான். வலது கையும் காலும் வரல. உயிருக்கு ஒண்ணுமில்லையாம். பேச்சுதான் போயிடுச்சு. திரும்பி வர்றது கஷ்டம்னு சொல்றாங்க."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"ஒன்பது வருஷமா யாருக்கு யார் சொன்னாங்க, மாமா?"

அவருக்குத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சாவியைப் பையில் போட்டவள் படியிறங்கி நின்றாள். "அக்கா ஊருக்குப் போயிட்டாங்களே, யார்கிட்ட சொல்லி அனுப்புறதுன்னு நான்தான் கேட்டேன். 'நானே சொல்லிக்கிறேன்'னார். வால்வை மூடிட்டு, ஜன்னலைத் திறந்து உங்களைக் கூப்பிட்டார். நீங்களும் கூடப் போனது எங்களுக்குத் தெரியாது."

"என்னன்னு கூப்பிட்டான்?"

"'அண்ணா, மூடிட்டேன்'னுதான். பதில் வரலைன்னதும் இன்னொரு தடவை, நல்லா சத்தமா. அப்புறம் அப்படியே சரிஞ்சுட்டார்."

அவள் போய்விட்டாள். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று அவர் நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை.