மங்களேஸ்வரி வைத்த இடம்

உட்துறைமுக வீதி வீட்டில், மனைவி மங்களேஸ்வரி இறந்தபின் மூன்று வருடமாகத் தவராசா தொடாத வால்வு ரேடியோ அது. பழுதான கண்டென்சர்களை மாற்றுவதற்காகத் திறந்தபோது, நிலையத்தைக் காட்டும் முள்ளை இழுக்கும் நூல் அறுந்து, முள் ஓரத்துக்குச் சரிந்துவிட்டது. அவள் கடைசியாகக் கேட்ட இடம் போய்விட்டதே என்று பதறினார்.

பிறகுதான் யோசித்தார். முள் வெறும் அடையாளம். நிலையத்தைப் பிடிப்பவை உள்ளே ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நிற்கும் தகடுகள். அவை அசையவில்லை, அவள் கை திருப்பி விட்டபடியே நின்றன. தகடுகளைத் திருப்பும் குமிழைத் தொடாமலே வேலையை முடித்தார்.

பின்னேரம் சுவிட்சைப் போட்டார். வால்வுகள் மெல்லச் சூடேறிச் சிவந்தன. இரைச்சல் மட்டுமே வந்தது.

"ஒண்டும் வரேல்லையே அப்பா," என்றாள் மகள் நிரோஜினி.

"பொறு பிள்ளை. பொழுதுபட்டாத்தான் கடலுக்கு அங்கால இருந்து வரும்."

இருட்டத் தொடங்கியதும் இரைச்சலுக்குள் ஒரு பாட்டு கரகரத்தது. மங்களேஸ்வரி எப்போதும் முள்ளை நிலையத்திலிருந்து சற்று விலத்தித்தான் வைப்பாள். அவர் ஏசிக்கொண்டே திருத்துவார்.

"கொஞ்சம் திருப்பினாத் தெளிவாக் கேக்கும். நான் திருப்பட்டோ?" என்றாள் நிரோஜினி.

தவராசா குமிழைக் கையால் மறைத்துக்கொண்டார்.

"வேண்டாம். கொம்மா வைச்சபடியே இருக்கட்டும்."