அரை நிமிடம் முந்தி வரும் குரல்

1

இந்தக் கதை ஓர் அஞ்சலட்டையிலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நீங்கள் பேஸ்பால் ஒளிபரப்புத் தொகுப்புக்குச் சந்தா கட்டியவரா? உங்கள் சட்ட உரிமைகள் இதனால் பாதிக்கப்படலாம்" என்று அட்டையில் அச்சிட்டிருந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து இப்படிப்பட்ட அட்டைகளை நான் குப்பையில்தான் போட்டு வருகிறேன். இதையும் போட்டேன். பக்கத்து வீட்டு வெர்லின் ஹூக்ஸ்ட்ரா மட்டும் தனக்கு வந்ததைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். ஆகவே கதை அவருடையது.

முதல் தொடக்கம்: "வெர்லின் தனிமையில் வாடி—" (வேண்டாம். நானே சொல்லிவிட்டால் படிக்கிறவருக்கு என்ன வேலை?)

இரண்டாம் தொடக்கம்: "வெர்லினுக்கு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மட்டும் ஒரு மனைவி உண்டு." (இது பரவாயில்லை. ஆனால் மனைவி என்பது சட்டப்படி தவறு. விவாகரத்தாகி வருடங்கள் ஓடிவிட்டன. இருந்தாலும் இதையே வைத்துக்கொள்கிறேன்.)

2

வழக்கைச் சொல்லாமல் மேலே போக முடியாது. உண்மையில் நடந்த எந்த வழக்கும் இல்லை இது. கதைக்காக நான் கட்டியது.

அணிகளின் முதலாளிகள் கூடிப் பேசி நாட்டைப் பாகம் பிரித்துக்கொண்டார்கள். உன் எல்லையில் நான் காட்டமாட்டேன், என் எல்லையில் நீ காட்டாதே. தூரத்து அணி ஒன்றின் ஆட்டத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் எல்லா அணிகளும் அடங்கிய மொத்தத் தொகுப்பைத்தான் வாங்க வேண்டும்; ஒன்றை மட்டும் தரமாட்டார்கள். வாங்கிய பிறகும், நீங்கள் எந்த அணியின் எல்லையில் குடியிருக்கிறீர்களோ அந்த அணி அதில் தெரியாது. திரை கறுப்பாகிவிடும். இருட்டடிப்பு என்ற சொல் இதற்காகவே செய்ததுபோல் இருக்கிறது.

ஏகபோகத்துக்கு எதிரான சட்டத்தின்படி இது குற்றம் என்று சந்தாதாரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கடைசியில் சமரசம் ஆயிற்று. யாரும் தப்பு செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனாலும் ஏதோ கொடுக்கிறார்கள்.* ஒவ்வொரு சந்தாதாரரும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம்: ஒரு சிறு காசோலை, அல்லது விரும்பிய ஓர் அணியின் ஆட்டங்கள் மட்டும், அடுத்த பருவம் முழுக்க இலவசமாக. பழைய மொத்தத் தொகுப்பு இனிமேல் கிடையாது.

* வெர்லின் இதைப் படித்துவிட்டுச் சொன்னது: "எங்க விவாகரத்தும் இப்படித்தான் முடிஞ்சுது."

3

அயோவாவுக்குச் சொந்தமாக அணி இல்லை. சுற்றியிருக்கும் ஆறு அணிகளும் எங்களைத் தங்கள் எல்லை என்கின்றன. ஆகவே ஆறும் இருட்டு. வெர்லின் பக்கத்து மாநிலமான மினசோட்டாவின் ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டுத் தொகுப்பை வாங்கி, முதல் நாளே கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். இந்த ஊரில் அந்தத் தவற்றைச் செய்யாத வீடு குறைவு. மற்றவர்கள் சந்தாவை ரத்து செய்தார்கள். வெர்லின் வீம்புக்கு, "கையில கிடைக்காத தூரத்துல யாரு இருக்கான்? சியாட்டிலா? அவனையே பாக்குறேன்" என்றார்.

தான் வேலை பார்த்த தானியக் கிடங்கில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னார். அந்த வசந்தத்தில்தான் விவாகரத்தான மனைவி ஆர்டித் சியாட்டிலுக்கு இந்தப் பக்கம் யாக்கிமாவில் அக்கா வீட்டின் பின்னறைக்குக் குடிபோயிருந்தாள் என்பதைச் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு அவளே கூப்பிட்டாள். தானும் அதே தொகுப்பை வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.

"ஏய், அடிச்சிட்டான்யா! வேலிக்கு அந்தாண்ட!"

"ஆர்டித், இங்க இன்னும் பந்தே போடல."

"அய்யய்யோ. நான் ஒண்ணும் சொல்லல. காதைப் பொத்திக்கோ."

"பொத்திக்கிட்டா நீ பேசுறது எப்படிக் கேக்கும்?"

"கூட இருந்தப்ப மட்டும் கேட்டுச்சாக்கும்!"

அரை நிமிடம் கழித்து வெர்லினின் திரையில் பந்து வேலியைத் தாண்டியது. இணையம் வழியாக வரும் படம் எப்போதும் பின்தங்கும். அவள் வீட்டு இணைப்பு வேகமானது போலிருக்கிறது என்று அவர் விட்டுவிட்டார். நாளாக ஆக அவள் வாயை அடக்கப் பழகினாள். ஆனால் மூச்சை அடக்கத் தெரியவில்லை. அவள் மூச்சு நின்றால் ஏதோ நடக்கப்போகிறது. நீளமாக விட்டால் ஆட்டம் போயிற்று. நடக்கப்போவதை இப்படி ஒருத்தியின் மூச்சிலிருந்து தெரிந்துகொண்டு, பிறகு அதைத் திரையில் பார்ப்பது வெர்லினுக்குப் பழகிவிட்டது. வாரத்தின் மற்ற ஆறு நாட்களும்—

(ஆறு நாட்களைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். சூப் டப்பாக்கள், அணைக்காத வானொலி, எனக்குக் கை காட்டுவதற்காகவே அவர் குப்பைத் தொட்டியை வெளியே தள்ளி வருவது. அடித்துவிட்டேன். இந்த ஒரு வரி மட்டும் மிச்சம்.)

4

"அட்டை வந்துதா?" என்று கேட்டார் வெர்லின்.

"என்ன அட்டை?"

"தொகுப்பு வாங்குன அத்தனை பேருக்கும் வருதே."

"அக்கா தூக்கிப் போட்டிருப்பா. விடு."

"ஏன் விடணும்? ரெண்டு பேரும் சியாட்டில்னே குறிச்சிடலாம், அடுத்த வருஷமும் ஒண்ணா பாக்கலாம். உன்னோடதையும் நானே போட்டுடறேன். சந்தா யார் பேர்ல இருக்கு?"

"வேணாம் வெர்லின்."

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். கம்ப்யூட்டர்ல ஊர் பேரு போட்டா அதுவே எல்லாத்தையும் காட்டுது. யாக்கிமா…"

கணினியில் அந்த ஊரில் எந்த அணி தெரியும், எது தெரியாது என்ற பட்டியல் வந்தது. சியாட்டில்: இருட்டடிப்பு.

இத்தனை வருடம் இருட்டடிப்பைத் திட்டித் தீர்த்த மனிதர், அவள் ஊருக்கும் ஓர் இருட்டு இருக்கும் என்று ஒருமுறைகூட நினைக்கவில்லை.

"ஆர்டித், உன் ஊர்ல அந்தத் தொகுப்புல சியாட்டில் தெரியவே தெரியாதே."

அந்தப் பக்கம் கூட்டத்தின் இரைச்சலும் ஒரு வர்ணனையாளரின் குரலும் மட்டும் கேட்டன.

"ரேடியோ," என்றாள். "சமையக்கட்டு ரேடியோ. உன் படத்துக்கு முந்தி வருது. போதுமா?"

"அப்போ அந்தத் தாடி?"

"எந்தத் தாடி?"

"மூணாவதா ஆட வர்றவன். ஆட்டுக்கடா மாதிரி தாடின்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே!"

"நானா வெச்சேன். பாக்குற மாதிரி எதையாவது சொல்லணும்ல?"

இங்கே அவர் சிரித்திருக்க வேண்டும். நானாகக் கட்டியிருந்தால் சிரிக்க வைத்திருப்பேன். அவரோ, "எத்தனை வருஷமா ஏமாத்துறே?" என்று கேட்டுவிட்டார்.

"வக்கீல் மாதிரி கேக்காதே," என்றாள். ஆட்டம் முடியும் முன் அவள் தொலைபேசியை வைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த ஞாயிறு அழைப்பு வரவில்லை.

5

கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்த இடம் இது. அந்த ஆட்டக்காரன் மழமழவென்று சவரம் செய்தவன், நானும் பார்த்திருக்கிறேன். இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது வெர்லினிடம் கேட்டேன்.

"தாடியில்லாத மூஞ்சியைப் பாத்துக்கிட்டே, தாடின்னதுக்கு ஆமான்னீங்களா?"

"ஆமான்னேன்."

"ஏன்?"

"அவ சிரிச்சா." ஏணியைச் சுவரில் சாய்த்தார். "எழுத்தாளரே, உங்களுக்கு எல்லாத்துக்கும் ஏன் வேணும். நான் கிடங்குல லாரியை எடை போட்டவன். ஏன் வந்தேன்னு லாரியைக் கேட்டதில்ல."

அப்படியானால் அவருக்கு முதலிலிருந்தே தெரியுமா? வழக்கில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. கதையில் இருக்கிறது, விடைதான் இல்லை.

6

முடிவுகள்.

(அ) வெர்லின் சியாட்டிலைக் குறிக்கிறார். படம் தொடர்கிறது. ஆனால் பந்தைப் போட்ட பிறகுதான் பந்தைப் போட்டது அவருக்குத் தெரியும், மற்ற எல்லோரையும் போல. (இதை எழுதிவிட்டு அன்று வேறெதுவும் எழுதவில்லை.)

(ஆ) ஆர்டித் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிறாள். (ஆர்டித்தைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.)

(இ) இது நடந்தது. கெடுவின் கடைசி நாள் வெர்லின் அட்டையைத் தபால்காரி கையில் கொடுத்தார். நான் எட்டிப் பார்த்தேன். காசோலை என்ற கட்டத்தில் குறி.

"அப்போ படம் வேணாமா?"

"படம் இங்க இருந்தா, அவ எனக்குச் சொல்ல என்ன இருக்கு?"

அவராகவே போட்டுக்கொண்ட இருட்டடிப்பு.

ஞாயிறு மூன்று மணி. தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இத்தனை காலமும் கூப்பிட்டது அவள்தான்; இவர் அந்த எண்ணை ஒருமுறையும் அழுத்தியதில்லை. இப்போது அழுத்துகிறார். சொல்லப்போவதை இரண்டு முறை வெறும் அறைக்குச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்: "தாடிக்காரன் வந்துட்டானா?"

மணி அடிக்கிறது.

அவள் எடுத்தாளா என்று நான் எழுதப்போவதில்லை. நான் இருக்கும் இடத்தில் மணி இன்னும் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. இதைப் படிக்கும் நீங்கள் எனக்கு அரை நிமிடம் முன்னால் இருக்கிறீர்கள். உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வாயைத் திறந்து சொல்லிவிட வேண்டாம். மூச்சை மட்டும் விடுங்கள், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.