அம்மாவுக்காக அழுத லாரிக்காரர்

அம்மா போன பிறகு துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேரை மகளுக்கு யாரென்றே தெரியாது. அம்மா கடைக்குப் போனால் காய் வாங்க மறந்தாலும் மறப்பாள், புதிதாக யாரையாவது சிநேகம் பிடிக்க மறக்கமாட்டாள். மகள் அதற்கு நேர் எதிர். ரயிலில் டிக்கெட் பரிசோதகர். எந்த முகத்தையும் எடுத்த எடுப்பில் நம்பமாட்டாள்.

வந்தவர்களில் ஒரு லாரி டிரைவர் மட்டும் வாசல் பக்கம் வரவில்லை. பின்கதவைத் தள்ளிக்கொண்டு நேரே சமையலறைக்கு வந்தார். அலமாரியில் கைவிட்டுத் தம்ளர் எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மகளுக்குச் சுருக்கென்றது. பெற்ற மகளே இன்னும் அப்படி அழவில்லை.

"நீங்க அம்மாவுக்கு என்ன வேணும்?"

"சும்மா தெரிஞ்சவன்மா."

"சும்மா தெரிஞ்சவருக்குத் தம்ளர் இருக்கற இடம் எப்படித் தெரியும்?"

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மகள் திரும்பி, கல்லூரியில் படிக்கும் தன் பெண் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்திருப்பதைப் பார்த்தாள். அதுவே காட்டிக்கொடுத்தது.

"ஏண்டி, உனக்கு எல்லாம் தெரியும், இல்ல?"

"பாட்டி அவரோட லாரில ஊர் சுத்துவாங்கம்மா. உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னாங்க."

"என்கிட்ட கண் டாக்டரைப் பார்க்கப் போறேன்னு சொன்னாளே!"

"நீ நம்பினியே, அதான் எங்களுக்கே ஆச்சரியம்."

மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மகள் லாரி நிறுத்தத்துக்குப் போனாள். தக்காளிக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்த டிரைவர் அவளைக் கண்டதும் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே இருக்கையில் ஒரு நீலத் தலையணை. வீட்டில் காணாமல் போனது. அவளுடைய சந்தேகத்துக்கு வேறு சாட்சியே வேண்டியிருக்கவில்லை.

வண்டி ஊரைத் தாண்டியது. லாரிகளை எடை போடும் எடைமேடையில் நிறுத்தியதும் அங்கே பஞ்சர் ஒட்டும் பெண்மணி ஒருத்தி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "அக்காவோட பொண்ணா? சிரிக்காத மூஞ்சின்னு சொல்லும். சரியாத்தான் சொல்லிருக்கு!"

மகளால் அதற்குமேல் பொறுக்கமுடியவில்லை. டிரைவர் பக்கம் திரும்பினாள்.

"மறைக்காம சொல்லுங்க. அம்மாவுக்கும் உங்களுக்கும் என்ன?"

அவர் தோள் துண்டை எடுத்து ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

"உங்ககிட்ட மறைச்சு என்னம்மா ஆகப்போகுது. என் சம்சாரம் போய் ரொம்ப வருஷமாச்சு. கட்டிக்கலாமான்னு ரெண்டு தடவ கேட்டேன்."

"அம்மா என்ன சொன்னா?"

"லாரி ரொம்பப் பிடிச்சிருக்கு, டிரைவர்தான் சுமார்னு சொல்லிட்டாங்க."

எத்தனையோ பயணிகளின் பொய்யைக் கேட்டுப் பழகிய காது அவளுடையது. இது பொய்யில்லை. அம்மா தலையைச் சாய்த்துக்கொண்டு அதைச் சொல்வது அப்படியே காதில் விழுந்தது. மகள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியதென்று அவளுக்கே தெரியவில்லை. பஞ்சர் ஒட்டும் பெண்மணி அவளைக் கைப்பிடித்து இறக்கி, பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்தாள்.

பிறகு டிரைவரும் அந்தப் பெண்மணியும் மாற்றி மாற்றி அம்மாவின் கதைகளைச் சொன்னார்கள். அம்மா மழையில் லாரிக் கூரைமேல் ஏறிப் பாடினாளாம். முறைத்த போலீஸ்காரரைச் சிரிக்கவைத்து அனுப்பினாளாம்.

அதில் பாதியை மகள் நம்பவில்லை. ஆனாலும், "அப்புறம்?" என்று கேட்டபடியே இருந்தாள்.